தண்ணீருக்குக் காற்று ஊட்டுவது: ஏரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரேஷன் என்றால் என்ன?

காற்றையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று நன்றாக உரசிக் கலக்க விடுவது. தண்ணீர் மட்டுமல்ல, மண், மாவு, குப்பைக் குவியல் எதுவாகவும் இருக்கலாம். தமிழில் காற்றூட்டம் என்று எழுதுகிறார்கள். வீட்டுப் புழக்கத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஆற்றுவது. சூடான பாலை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு உயரத் தூக்கி ஊற்றும்போது பால் ஆறுகிறது என்பது பாதிக் கதைதான். விழும் தாரை போகிற போக்கில் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. மேலே கட்டும் நுரை அந்தக் காற்றுதான்.

இதில் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. ஆக்சிஜன் உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடு, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை வெளியே வருகின்றன. பலரும் முதலாவதை மட்டுமே நினைக்கிறார்கள். சில இடங்களில் இரண்டாவதுதான் முக்கிய வேலை.

தண்ணீரே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதானே? அப்புறம் எதற்குத் தனியாக ஆக்சிஜன்?

அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. மீனால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றின் ஆக்சிஜனை. அது மிகக் கொஞ்சம். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்து நிற்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நாம் வாழும் உலகத்தோடு ஒப்பிட்டால் மீன் வாழும் உலகம் அவ்வளவு நெருக்கடியானது.

வெயில் ஏற ஏறத் தண்ணீரின் கொள்ளளவு குறையும். மீனின் தேவையோ கூடும். உப்புத் தண்ணீர் இன்னும் குறைவாகத்தான் தாங்கும்.

மீன்தொட்டியில் குமிழிகள் நிறைய வந்தால் நல்ல ஏரேஷன் என்று அர்த்தமா?

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஒரு குமிழி அடியிலிருந்து மேலே வர இரண்டு விநாடிகூட ஆகாது. அதற்குள் அது தண்ணீருக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் சொற்பம். குமிழி செய்யும் பெரிய உதவி வேறு. அடியில் இருக்கும் தண்ணீரைத் தன்னோடு மேலே இழுத்து வந்து, மேற்பரப்பைக் கலைத்துவிடுகிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் அந்த மேல்தோல்தான். அசையாமல் கிடந்தால் மேலடுக்கு மட்டும் ஆக்சிஜனால் நிறைந்து, அடியில் இருப்பது பட்டினி கிடக்கும். புரண்டுகொண்டே இருந்தால் ஒவ்வொரு சொட்டுக்கும் மேலே வரும் முறை கிடைக்கும்.

அதனால் விலை கூடிய பம்ப் வாங்குமுன் இரண்டைப் பாருங்கள். தொட்டியின் வாய் அகலமா? மேற்பரப்பு அலைகிறதா? வரவேற்பறை அழகுக்காக விற்கும் வாய் குறுகிய கண்ணாடிக் குடுவை தங்கமீனுக்கு உண்மையிலேயே மூச்சு முட்டும் இடம். பெட்டா போன்ற சில மீன்கள் விதிவிலக்கு. அவை மேலே வந்து காற்றை நேராகவே விழுங்கும்.

பெரிய ஆலைகளின் ஆழமான தொட்டிகளில் கணக்கு மாறும். நான்கைந்து மீட்டர் ஆழத்தில் விடும் பொடிக் குமிழிகளுக்கு மேலே வர நேரம் பிடிக்கும். அங்கே குமிழியே நேரடியாக நிறைய ஆக்சிஜன் கொடுத்துவிடும்.

ராத்திரியில் ஏர் பம்பை நிறுத்திவிடலாமா? கரண்ட் பில் கூடுமே?

நிறுத்தக் கூடாத நேரமே ராத்திரிதான். தொட்டியில் செடி இருந்தால் பகலில் அது ஆக்சிஜன் கொடுக்கும். இருட்டியதும் அதுவும் மீனோடு சேர்ந்து பங்கு கேட்கும். பில்லைப் பொறுத்தவரை, 5 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 4 யூனிட்கூட வராது. சத்தம்தான் பிரச்சினை என்றால் பம்புக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வையுங்கள்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைப்பது நல்லது. கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் தரைக்கு வந்துவிடும். மேலே வைக்க வசதி இல்லையென்றால் குழாயின் நடுவே சின்ன நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று மாட்டுங்கள், மலிவுதான்.

கரண்ட் மணிக்கணக்கில் போய்விட்டால் என்ன செய்வது?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது எங்கள் தெருவில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. முதல் நாள் இரவே தங்கமீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குளியலறை மக்கை எடுத்து வந்தோம். தண்ணீரை மொண்டு, முழங்கை உயரத்திலிருந்து திரும்ப அதே தொட்டியில் ஊற்றுவது. இருபது முப்பது முறை. கால் மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி. வீட்டில் ஆளுக்கொரு ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். ஒன்றுகூடச் சாகவில்லை.

செய்ய வேண்டியது அவ்வளவுதான். கூடவே மின்சாரம் வரும்வரை தீனி போடாதீர்கள். தின்றால் ஆக்சிஜன் தேவை கூடும். மிச்சம் அழுகினால் இருப்பதும் போகும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைக்கலாம்.

குளங்களில் மீன்கள் விடியற்காலையில் கூட்டமாகச் செத்து மிதக்கின்றனவே, யாராவது விஷம் வைக்கிறார்களா?

சில நேரம் இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன் பஞ்சத்தை. குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருக்கும். பகலில் அந்தப் பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கொட்டும். ராத்திரி முழுக்கப் பாசி, மீன், அடிச்சேறு எல்லாமே ஆக்சிஜனைத் தின்னும். வரவு கிட்டத்தட்ட இல்லை. கையிருப்பு அடிமட்டத்தைத் தொடுவது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால். பெரும்பாலான மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, இரண்டுக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து.

இரண்டு நாள் மூட்டம் போட்டாலும், கோடைக்குப் பின் வரும் முதல் மழை தெருக் கழிவையெல்லாம் குளத்துக்கு அடித்து வந்தாலும் இது நடக்கும். ஒரு அடையாளம்: கெண்டை வகைகள் செத்து மிதக்க, விராலும் கெளுத்தியும் பிழைத்துத் திரிந்தால் அது பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். விரால் மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த மீன். கோயில் குளத்தில் பொட்டலம் பொட்டலமாகப் பொரி கொட்டும் புண்ணியவான்களும் இதை யோசிக்கலாம். மீன் தின்றது போக மிச்சம் அங்கேதான் அழுகுகிறது.

இறால் பண்ணையில் சுற்றும் அந்தச் சக்கரங்கள் எதற்கு?

அதே மேல்தோல் விஷயம்தான். துடுப்புச் சக்கரம் தண்ணீரை அள்ளி வீசித் துளித்துளியாக உடைக்கிறது. துளி சின்னதாக ஆக ஆக, காற்றைத் தொடும் பரப்பு கூடும். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையோரம் போனால் வரிசையாகப் பார்க்கலாம். 2009-இல் வெனாமி இறாலை இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு குளத்தில் அடர்த்தியாக விட்டு வளர்ப்பது பெருகியது. அந்த அடர்த்திக்கு ஏரேட்டர் இல்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. பண்ணைக்காரர் எதற்குச் செலவைக் குறைத்தாலும் ஜெனரேட்டர் டீசலுக்குக் குறைக்க மாட்டார்.

போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிவிடுகிறது. ஏன்?

இரும்பு. பூமிக்கடியில் காற்று படாத ஆழத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறம் தெரியாது. மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாக மாறுகிறது. துரு தண்ணீரில் கரையாது. அதனால் முதலில் மஞ்சள், பிறகு செம்மண் நிறம், காலையில் வாளி அடியில் படிவு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் டைல்ஸிலும் கறை பிடிக்க ஆரம்பிக்கும். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் கருத்துப்போகும். டீயில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது.

உறுதி செய்துகொள்ள எளிய வழி இருக்கிறது. மோட்டார் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடியபின் இரண்டு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்றை வாய் விளிம்புவரை நிரப்பி, காற்றே இல்லாமல் உடனே மூடுங்கள். மற்றதை இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே இருபது முறை ஆற்றிவிட்டு வையுங்கள். ஆற்றியது சீக்கிரம் மஞ்சளானால் உங்கள் பிரச்சினையும் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது.

மருந்து என்றால், போர் தண்ணீரைத் தொட்டிக்குள் ஒரே தாரையாக விடாமல், துளை போட்ட பிவிசி குழாய் வழியாக மழை மாதிரி மேலிருந்து விழ விடுவது. அப்புறம் சில மணி நேரம் தெளிய விடுவது. கடைசியாக மணல் வடிகட்டி. இந்த மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஏரேஷன் இரும்பை எங்கேயும் அனுப்பிவிடாது. வடிகட்டக்கூடிய பொடியாக மாற்றிக் கொடுக்கும், அவ்வளவே. தண்ணீர் அமிலத்தன்மையாக இருந்தால் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், பரிசோதனைச் சாலையில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

இரும்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டைக்கு ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கறை இன்னும் அழுத்தமாக உட்காரும்.

ஏரேஷன் செய்தால் உப்பு, கடினத்தன்மை, கிருமி எல்லாம் போய்விடுமா?

போகாது. உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் எதையும் அது தொடாது. கிருமியையும் கொல்லாது. முட்டை வாடை போகும், கரைந்த இரும்பு வடிகட்டக்கூடிய பொடியாகும், கரைந்த கார்பன் டை ஆக்சைடு குறையும். இதற்கு மேல் ஒருவர் சத்தியம் செய்து ஏதாவது விற்றால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

குழாயில் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. குடிக்கலாமா?

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து இரண்டு நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. குழாய் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. பயமில்லை. மேலிருந்து தெளிந்து அடியில் எதுவாவது படிந்தால் அது வேறு சமாச்சாரம், குடிக்காதீர்கள்.

குழாய் முனையில் மாட்டும் ஏரேட்டர் உண்மையிலேயே தண்ணீரை மிச்சப்படுத்துமா?

ஆமாம். சாதாரணக் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். ஏரேட்டர் மாட்டினால் வகையைப் பொறுத்து மூன்று முதல் எட்டு லிட்டர். தாரையில் காற்றைக் கலந்து பருமனாகக் காட்டுவதால் கை கழுவும்போது குறை தெரியாது. 2024 மார்ச் மாதம் பெங்களூரு தண்ணீருக்குத் திண்டாடியபோது, அந்த நகரக் குடிநீர் வாரியம் வணிக வளாகங்கள், அடுக்குமாடிகளின் பொதுக் குழாய்கள் போன்றவற்றில் இதைக் கட்டாயமாக்கியது.

வாளி நிரப்பும் குழாய்க்கு மாட்டி ஒரு பயனும் இல்லை. வாளிக்கு வேண்டிய பதினைந்து லிட்டர் எப்படியும் பதினைந்து லிட்டர்தான். நீங்கள் காத்திருக்கும் நேரம்தான் கூடும். கைகழுவும் பேசின், பாத்திரம் தேய்க்கும் சிங்க் இரண்டுக்கும் மாட்டுங்கள். நம் ஊர் உப்புக்கு மூன்று மாதத்தில் வலை அடைத்துக்கொள்ளும். கழற்றி, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியோடு ஒரு ராத்திரி ஊறவைத்தால் காலையில் உப்பு உதிர்ந்துவிடும்.

எங்கள் அடுக்ககத்துக் கழிவுநீர் நிலையத்தில் காற்று ஊதும் புளோயர் ராப்பகலாக ஓடுகிறது. பாதி நேரம் நிறுத்தினால் என்ன?

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வருடம் செயலாளராக இருந்த பாவத்துக்கு இதை நான் சொந்தமாகவே பார்த்தேன். ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆள், சத்தம் தொந்தரவு என்று யாரோ சொன்னதற்காக, இரவு பத்து மணிக்கு நிறுத்தி விடிந்ததும் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் தரைத்தளத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் சாக்லேட் நிறத்தில் இருக்க வேண்டிய கலவை தார் மாதிரி கறுத்திருந்தது.

அந்தத் தொட்டிக்குள் கழிவைத் தின்பவை நுண்ணுயிர்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் அவை ஒழுங்காக வேலை செய்யும். காற்று நின்றால் அவை சோர்ந்துபோய், காற்றில்லாமல் வாழும் கூட்டம் தலையெடுக்கும். முட்டை வாடை அவற்றின் உபயம். கழிவுநீர் நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதி இந்தக் காற்றுக்கே போகிறது என்பது உண்மைதான். அதனால்தான் எல்லோருக்கும் கை அரிக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் ஆக்சிஜன் அளவைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போடுங்கள். தொட்டியின் அடியில் குமிழி விடும் டிஃப்யூசர்கள் அடைத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். மணிக்கணக்கில் முழுசாக நிறுத்தாதீர்கள்.

நிலையம் நலமா என்று பார்க்க ஒரு லிட்டர் அளவுக்குடுவை போதும். கலவையைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், பழுப்புச் சேறு சுமார் கால் பங்குக்குப் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். மண் வாசனை வரலாம், நாற்றம் வரக் கூடாது.

நுண்ணுயிர்ச் சேற்றுக்குக் காற்று ஊதிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வேலை பார்த்த ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர், வெளியிட்டது 1914-இல். கழிவுநீரில் காற்றை ஊதினால் சுத்தமாகும் என்பது முன்பே தெரியும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆனது. அவர்கள் செய்தது இதுதான்: ஊதி முடித்தபின் அடியில் தங்கும் சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவை விட்டு மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில் வாரக்கணக்கு வேலை ஒரு நாளுக்குள் வந்தது. தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.

மாடித்தோட்டத்தில் தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறதே?

தினமும் ஊற்றுவதால்தான் வாடுகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் எப்போதும் தண்ணீரே நின்றால் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். வேர் போனால் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஒரு மக் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

அப்படியென்றால் நெல் மட்டும் எப்படித் தண்ணீரில் நிற்கிறது?

நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்று இறங்கும் வெற்றுக் குழல்கள் இருக்கின்றன. இலை வாங்கும் காற்று அவை வழியாக வேருக்குப் போகும். ஆனால் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு, விரும்பும் என்பது வேறு. நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வதில் விஷயம் இருக்கிறது: வயல் லேசாக வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. காயும் நாட்களில் மண்ணுக்குள் காற்று இறங்குகிறது. தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து வரும் மீத்தேனும் குறைகிறது. ஒற்றை நாற்று நடவில் கோனோவீடர் என்ற களைக்கருவியை உருட்டுவதும் களையை அமுக்குவதற்கு மட்டுமல்ல, சேற்றைக் கிளறி வேருக்குக் காற்றுக் காட்டுவதற்கும்தான்.

வீட்டில் போடும் கம்போஸ்ட் நாறுகிறது.

காற்றில்லை, ஈரம் அதிகம். காய்ந்த இலையோ தேங்காய்நார்க் கழிவோ சேர்த்து நன்றாகக் கிளறுங்கள், வாரம் இரண்டு முறை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது.

இட்லி மாவுக்கும் ஏரேஷனுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே. கிரைண்டரில் உளுந்து அரைபடும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கல்லை ஓடவிட்டால் மாவு பொங்கிப் பொங்கி மேலே வரும் இல்லையா, அந்தப் பொங்கல் முழுக்கக் காற்று. உளுந்தின் பசை அதை விடாமல் பிடித்து வைக்கும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஓடட்டும். பிறகு ராத்திரி புளிக்கும்போது பாக்டீரியாக்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு, ஏற்கெனவே இருக்கும் அந்தப் பொடிக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்கும். மிக்ஸியில் அரைத்த மாவு சூடாவதோடு காற்றும் குறைவாகவே பிடிக்கும். பொங்கிய மாவைக் காலையில் போட்டுக் கிண்டாதே என்று அம்மா திட்டுவதும் இந்தக் குமிழிகள் உடைந்துவிடும் என்பதால்தான்.

சோடாவை ஏரேட்டட் வாட்டர் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

பெயர்தான் அது. உள்ளே அழுத்தி அடைத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரத்து மதுக்காய்ச்சும் ஆலையில், புளித்துக்கொண்டிருந்த தொட்டியின் மேலே எழுந்த வாயுவைத் தண்ணீரில் ஏற்றிப் பார்த்ததிலிருந்து தொடங்கிய சமாச்சாரம். வரிக்காகிதங்களில் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன்தொட்டியில் சோடாவை ஊற்றினால் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது?

கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. சுத்தமான இரண்டு பாத்திரங்களில் நாலைந்து முறை ஆற்றிப் பாருங்கள், சுவை தேறும். அதே காரணத்தால், அப்போதுதான் ஆறிய வெந்நீரில் மீனை விடக் கூடாது.

காற்றே படக் கூடாத இடங்கள் உண்டா?

சாண எரிவாயுக் கலன். காற்று நுழைந்தால் மீத்தேன் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். மாட்டுக்காகப் பச்சையாக அடைத்துப் புளிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல்லையும் ஏறி மிதித்து, காற்றை வெளியேற்றித்தான் மூடுவார்கள். மாங்காய் ஊறுகாய் ஜாடியில் மேலாக ஒரு விரல் நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான்.